ஹாலேயில் ஒரே ஒரு நாள்: தமிழாசிரியர் அப்பாவை எங்கே அழைத்துப் போவது?

மேட்டூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பயிற்சிக்காக லைப்சிக்கில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்த வாரம் வந்து பத்து நாள் தங்கப் போகிறார்கள். பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் திட்டம் போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருக்கிறது. பக்கத்து ஊரான ஹாலேவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 71, முழங்கால் வலி. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒவ்வொரு குறிப்பட்டையையும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வார். அம்மா நேர் எதிர். அரை மணி நேரம் ஆனதும் காபி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.

இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்த வீடு, பீட்டில்ஸ் அருங்காட்சியகம், மோரிட்ஸ்புர்க் கோட்டை, உப்பு அருங்காட்சியகம், சாக்லேட் ஆலை, நெப்ரா வட்டு என்ற பழங்கால வெண்கல வட்டு, பிராங்கே நிறுவனங்கள் என்று ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே நாளில் முடியுமா?

கரிசல்:

முடியும். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனால்.

ரைன்கரை:

தம்பி, எங்கே போவது என்பது பிறகு. முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். ஜேர்மனியில் ஹாலே என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது சாலே ஆற்றங்கரையில் இருப்பது. வெஸ்ட்பாலியாவில் இருப்பது வேறு.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் மச்சான் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் புறப்பட்டபோது அவசரத்தில் மற்ற ஹாலேவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் சின்ன நிலையம். டென்னிஸ் போட்டி நடக்கிற காலம். எல்லோர் தோளிலும் மட்டைப் பை. ஹாண்டல் சிலை இருக்கிற சதுக்கம் எந்தப் பக்கம் என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதற்கு நீங்கள் இன்னும் சில மணித்தியாலம் பயணம் செய்ய வேண்டும்" என்றார். மச்சான் சரியான ஹாலேயில் கேக் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் முடிவதில்லை.

லைப்சிக்கிலிருந்து போகிறபடியால் உங்களுக்கு அந்த ஆபத்துக் குறைவு. நிலத்தடி நிலையத்தில் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல்தான் ஆகும்.

சுவடிப்பித்தன்:

மேட்டூர்க்காரரே, ஏழு இடங்களை இரண்டாக்குங்கள். நான் ஹாலேயில் இரண்டு ஆண்டுகள் படித்தவன். என்னைப் பார்க்க வரும் நண்பர்களை ஆரம்பத்தில் எல்லா இடங்களுக்கும் இழுத்துக்கொண்டு போவேன். ஊருக்குத் திரும்பிய பின் அவர்கள் நினைவில் நின்றது, ரயில் நிலையத்துக்கு எதிரே தின்ற கெபாப் மட்டும்தான். அதோடு நான் திருந்தினேன்.

காலை முழுவதும் பிராங்கே நிறுவனங்கள். மதியம் நெப்ரா வட்டு. அவ்வளவுதான்.

பிராங்கே நிறுவனங்கள் என்றால் ஒரு கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு வளாகம். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார் அப்போது ஹாலேவுக்கு வெளியே இருந்த கிளவுகா என்ற ஏழைக் குடியிருப்பில் பணியாற்றினார். 1695இல் அவர் வைத்திருந்த உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்தன. அந்தக் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு மருந்துக்கடை, அச்சகம், புத்தகக் கடை, நூலகம் என்று வளர்ந்துகொண்டே போனது. பக்தியோடு வியாபாரமும் தெரிந்த மனிதர். மருந்து விற்ற காசு பல காலம் இந்த இல்லத்துக்குச் சோறு போட்டது.

உள்ளே நுழைந்ததும் நீளமான முற்றம் ஒன்று வரும். பக்கவாட்டில் மரச்சட்டங்களைக் கோத்துக் கட்டிய ஆறு மாடி வீடு, நூறு மீட்டருக்கு மேல் நீளம். அதன் எதிரில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இந்த வளாகத்தை ஒட்டியே மேம்பாலச் சாலை போட்டார்கள். 1990 வாக்கில் பல கட்டடங்கள் இடிந்துவிழும் நிலையில் இருந்தன. இப்போது பார்ப்பது அதன்பின் பாடுபட்டு மீட்டது.

அப்பாவுக்கான இடம் அநாதை இல்லக் கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்திருந்த அதிசயப் பொருள் அறை அது. கோட்பிரீட் ஆகஸ்ட் குருண்ட்லர் என்ற ஓவியர் 1741 வாக்கில் அதை ஒழுங்குபடுத்தினார். அலமாரிகளின் தலையில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படமாகவே வரைந்துவைத்தார். கிளிஞ்சல் அலமாரிக்கு மேலே வண்ணக் கிளிஞ்சல்கள். எழுத்துத் தெரியாதவனும் தேடியதைக் கண்டுபிடித்துவிடலாம். மேலே ஒரு முதலை தொங்குகிறது. சுமார் 3,000 பொருள்கள். ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதிரிமார் அனுப்பியவையும் அவற்றுக்கு நடுவே இருக்கின்றன. பழைய ஏடுகளில் "மலபார்" என்று வந்தால் கேரளம் என்று எண்ண வேண்டாம். அக்காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழைத்தான் அப்படி அழைத்தார்கள்.

கரிசல்:

சுவடிப்பித்தன் ஆசையைக் கிளப்பிவிட்டார். நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

"ஜெர்மனியில் தமிழ்ச் சுவடிகள்!" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி நானும் போனேன். மண்டபம் மண்டபமாகச் சுவடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கண்ணில் பட்டது ஒரு கைப்பிடி. சேகரத்தின் பெரும்பகுதி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, அது ஆய்வாளர்களுக்கானது. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் போய் நின்றால் யாரும் சுவடிக் கட்டை அவிழ்த்துக் காட்ட மாட்டார்கள். அது அவர்கள் தவறல்ல. ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம் "வாருங்கள், சுவடிக் கடல் காட்டுகிறேன்" என்று சொல்லி அழைத்துப் போய், முதலையைக் காட்டித் திருப்பி அழைத்து வராதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பாதிரிமார் தமிழ் மீது காதல் கொண்டு சேர்த்தவர்கள் என்று உருக வேண்டாம். மதம் மாற்ற வந்தவர்களுக்கு மொழி ஒரு கருவி.

சுவடிப்பித்தன்:

கரிசலின் முதல் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். சுவடிகளைப் படிப்பதே நோக்கம் என்றால் காப்பகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், சனிக்கிழமையை நம்பாதீர்கள்.

இரண்டாவதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். கருவியாகத்தான் தொடங்கியது. டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாருக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர். 1708இலேயே தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியல் போட்டுவிட்டார். மதம் மாற்ற மட்டும் வந்தவனுக்குத் தொல்காப்பியம் எதற்கு?

அடுத்துதான் முக்கியம். 1713இல் நம் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி அச்சிடச் சொல்லி ஹாலேவுக்கு அனுப்பினார். பிராங்கே மறுத்துவிட்டார். அங்கே போனது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்பது அவர் கட்சி. அந்தக் கையெழுத்துப் படி 150 ஆண்டு கிடந்து, 1867இல்தான் அச்சேறியது. அச்சிட்ட ஊர் எது தெரியுமா? சென்னை!

ஆக, நீங்கள் சொல்லும் கறார் மனிதரும் உண்மை, நான் சொல்லும் பித்துப் பிடித்த இளைஞனும் உண்மை. இருவரும் ஒரே கடிதப் போக்குவரத்தின் இரண்டு முனைகள். ஹாலே அதில் ஒரு முனை. அதனால்தான் அந்த முற்றத்தில் உட்காரச் சொன்னேன்.

பொறையாறு பாலன்:

எங்கள் ஊர்க் கதை வந்ததால் நுழைகிறேன். தமிழில் முதன்முதலில் அச்சுக்கு எழுத்து வார்த்ததே ஹாலேயில்தான். சீகன்பால்கு அனுப்பிய மாதிரியைப் பார்த்து வார்த்து, 1713இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

கரிசல்:

அதைச் சொல்லாதீர்கள், தமிழாசிரியர் உங்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. ஹாலே எழுத்துக்கு 135 ஆண்டு மூத்தது.

பொறையாறு பாலன்:

ஒத்துக்கொள்கிறேன், "முதன்முதலில்" என்பதை எடுத்துவிடுகிறேன். ஆனால் மீதிக் கதை கேளுங்கள். ஹாலேயில் வார்த்த எழுத்து அளவில் பெரியது, காகிதத்தைத் தின்றது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே ஈயத்தில் சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கு எங்கள் பொறையாற்றிலேயே ஆலை போட்டுப் பார்த்தார்கள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது, லத்தீன் மொழியில். அவரோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் அப்போது ஐரோப்பாவுக்குப் போயிருந்தார். 300 ஆண்டுக்கு முன்னால் குளிருக்கு என்ன உடுத்தினாரோ!

ரைன்கரை:

பாலன் அண்ணை, நான் 1980களின் கடைசியில் மார்கழி மாதம் இங்கே வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு மெல்லிய சட்டைதான். மலையப்பனுக்கும் அதே கதிதான் நடந்திருக்கும்.

வானம்பார்ப்பவன்:

எல்லோரும் காலையிலேயே நின்றுவிட்டீர்கள். மதியத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நெப்ரா வட்டு இருப்பது மாநில முன்வரலாற்று அருங்காட்சியகத்தில். ஊரின் வடக்குப் பக்கம், டிராமில் போகலாம். பிராங்கே வளாகம், இது இரண்டுக்குமே திங்கட்கிழமை விடுமுறை. பின்னால் இந்த இழையைப் படிப்பவர்கள் கவனிக்கவும்.

வெண்கல வட்டு, விட்டம் சுமார் 32 சென்டிமீட்டர். வீட்டில் தோசைக்கல் இருக்கிறதே, ஏறக்குறைய அந்த அளவு. பச்சைப் பாசி பிடித்த நிறத்தின் மேல் தங்கத் தகடுகள்: ஒரு முழு வட்டம், ஒரு பிறை, சிதறிய நட்சத்திரங்கள், கீழே படகு போல ஒரு வளைவு. மண்ணில் புதைத்தது கி.மு. 1600 வாக்கில். வானத்தில் உள்ளவற்றை அடையாளம் தெரியும்படி காட்டும் உருவங்களில் உலகில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். தங்கமும் தகரமும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவை, செம்பு ஆல்ப்ஸ் மலையிலிருந்து. அந்தக் காலத்திலேயே அத்தனை தூரம் கைமாறியிருக்கிறது.

ஓரத்தில் இரண்டு தங்க வில்கள் இருந்தன, ஒன்று விழுந்துவிட்டது. ஒவ்வொரு வில்லின் கோணமும் 82 பாகை. அந்த அட்சரேகையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் சூரியன் உதிக்கும் இடம் அடிவானத்தில் எவ்வளவு நகருமோ அவ்வளவு.

உங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள். முழு வட்டத்துக்கும் பிறைக்கும் நடுவே, சற்று மேலே, ஏழு பொட்டுகள் நெருக்கமாக இருக்கும். நம் கார்த்திகை மீன் கூட்டம் அதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. நாம் சங்க காலம் தொட்டு அதை அறுமீன் என்கிறோம், ஆறு. அவர்கள் ஏழு போட்டிருக்கிறார்கள். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். கூர்ந்த பார்வைக்காரருக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடும். தமிழாசிரியர் இதில் கால் மணி நேரமாவது நிற்பார்.

திருட்டுக் கதையும் உண்டு. 1999இல் உலோகங்காட்டிக் கருவியோடு காட்டுக்குள் போன இருவர் அனுமதியில்லாமல் தோண்டி எடுத்தார்கள். அவசரத்தில் அடித்த அடியில் விளிம்பு நசுங்கி, பெரிய வட்டத்தின் தங்கத்தில் ஒரு துண்டு பெயர்ந்தது. அந்தக் காயத்தை இன்றும் பார்க்கலாம். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மாநிலத் தொல்லியல் தலைவரே வாங்க வந்தவர் போல நடித்துப் போலீசோடு மீட்டார். தோண்டியவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். தண்டனை குறைவதற்குப் பதில் கூடிவிட்டது!

நேரம் மிச்சமிருந்தால் ஆயிலாவ் கல்லறைகளையும் பாருங்கள். 4,600 ஆண்டுக்கு முன் வன்முறையில் இறந்தவர்கள். ஒரு குழியில் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒருவரை ஒருவர் பார்த்தபடி. மரபணுச் சோதனையில் குடும்பம் என்று உறுதியானது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை, முடியவில்லை.

மல்லிகை:

ஆண்கள் எல்லோரும் அப்பாவுக்கே திட்டம் போடுகிறீர்கள். அம்மாவுக்கு என்ன?

இரண்டுக்கும் நடுவில் சந்தைச் சதுக்கம் வருகிறது. அங்கே மரியன்னை ஆலயத்துக்கு நான்கு கோபுரங்கள். இரண்டு பழைய ஆலயங்களின் உடலை இடித்துவிட்டு, கோபுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் புதிதாகக் கட்டியது. தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரத்தில் 76 மணிகள். 1546இல் மார்ட்டின் லூதர் இறந்து, உடல் விட்டன்பெர்குக்குப் போகும் வழியில் ஹாலேயில் ஓரிரவு இருந்தது. அவர் முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுத்த அச்சு அந்த ஆலயத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அதைவிட ஹாண்டல் சிலைக்கு அருகில் காபிக் கடையில் வெளியே நாற்காலி போட்டிருப்பதே முக்கியமாக இருக்கும். என் மாமியாருக்கு அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஹாலோரன் மிட்டாய் உருண்டை. 1804 முதல் நடக்கிற ஆலை, ஜெர்மனியில் மிகப் பழைய சாக்லேட் ஆலை அதுதான். இந்த ஊர் உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஊர். உப்புத் தொழிலாளரின் விழா உடையில் வெள்ளிப் பொத்தான்கள் உருண்டையாக இருக்கும், மிட்டாய்க்கு அந்த வடிவம். ஆலைவரை போக வேண்டாம், கடைகளில் கிடைக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை இருக்காது.

உப்பு அருங்காட்சியகம் நான் போனபோது சீரமைப்புக்காக மூடியிருந்தது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்க்காரன்:

அனைவருக்கும் நன்றி. பீட்டில்ஸையும் மோரிட்ஸ்புர்க்கையும் ஹாண்டல் வீட்டையும் அடித்துவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

மேட்டூர்க்காரன்:

(ஒன்பது நாள் கழித்து) போய் வந்தோம். கரிசலின் எச்சரிக்கையை மதித்து அப்பாவிடம் சுவடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "பழைய அநாதை இல்லம் ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார்.

அந்த அறையில் முதலில் முதலையைப் பார்த்தார். பிறகு கிளிஞ்சல். அலமாரி அலமாரியாக வந்தவர் ஒரு கண்ணாடிக்கு முன் நின்றுவிட்டார். ஓலை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடித்ததால் தன் கையையே குடையாகப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். மூன்று நான்கு எழுத்துக்கு மேல் போகவில்லை. "புள்ளி வைக்க மாட்டான். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். கொம்பு குறிலா நெடிலா என்பதும் நம் பொறுப்பு" என்று எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

காவலுக்கு இருந்த பெண்மணி பக்கத்தில் வந்தார். கண்ணாடியைத் தொட்டதற்குத் திட்டப் போகிறார் என்று பயந்தேன். "இவருக்கு இதைப் படிக்கத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும், ஆனால் நிறுத்தி நிதானமாக என்றேன். அவர் தன் கையிலிருந்த துண்டுக் காகிதத்தை நீட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அப்பா கரும்பலகை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்காமல், அதன் கீழே அதையே புள்ளி இல்லாமல் இன்னொரு முறை எழுதி, முந்நூறு ஆண்டுக்கு முன்னால் இப்படி இருந்திருக்கும் என்று சைகையில் விளக்கினார்.

வட்டின் முன்னால் அப்பா ஏழு பொட்டையும் விரலால் காற்றில் எண்ணினார். "ஏழாவது அருந்ததியாக இருக்கலாம்" என்றார். கார்த்திகைப் பெண்கள் அறுவரும் சப்தரிஷிகளின் மனைவியர், ஏழாமவள் அருந்ததி மட்டும் கணவனோடு இருந்துவிட்டாள் என்பது புராணக் கதையாம். வானம்பார்ப்பவன் என்ன சொல்கிறார்?

வானம்பார்ப்பவன்:

அருந்ததி சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கார்த்திகைக்கு வெகு தூரம். வானியல்படி உங்கள் அப்பா சொல்வது தவறு. கதைப்படி மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கரிசல்:

சரி, நான் தோற்றேன். அந்த ஓலை என்ன நூல் என்று அட்டையில் போட்டிருந்ததா?

மேட்டூர்க்காரன்:

அட்டையைப் படிக்கும் முன் அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லா அட்டையையும் படிக்கும் அப்பா படிக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். காப்பகத்துக்கு எழுதியிருக்கிறார், நேற்று இரவு, நான்கு பக்கம். நான்தான் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும்.

மல்லிகை:

அம்மாவுக்குக் காபி கிடைத்ததா இல்லையா?

மேட்டூர்க்காரன்:

கிடைத்தது அக்கா. சிவப்புக் கோபுரத்துக்கு எதிரே. மணி அடித்தபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மிட்டாய் உருண்டை ஆறு டப்பா வாங்கியிருக்கிறோம், பெட்டி எடை கூடிவிட்டது.